கிரனாடாவில் ஒரு மாணவனாக



நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மௌலவி, பாடம் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, கொப்பியும் பேனையுமாக வகுப்பில் போய் உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? பக்கத்துக் கதிரையில் இருபது வயதுப் பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னால் நான்தான் பிழை விடுகிறேன். அந்த அனுபவத்தைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அரபுக் கல்லூரியில் வரலாறு படிப்பிக்கும் எனக்கு, அந்தலுஸ் பாடம் வரும்போதெல்லாம் மனதில் ஒரு குறை இருக்கும். கி.பி. 1492 ஜனவரி 2 ஆம் திகதி கிரனாடா கைமாறியதோடு நமது பாடப் புத்தகம் முடிந்துவிடும். அதன் பிறகு அங்கேயே வாழ்ந்த முஸ்லிம்கள் என்ன ஆனார்கள்? அதைச் சொல்லும் பத்திரங்களில் பெரும்பாலானவை ஸ்பானிய மொழியில் இருக்கின்றன. எனவே அம்மொழியைப் படிக்க நான்கு மாதம் கிரனாடாவுக்கே போனேன்.

வயோதிபத் தம்பதியினர் ஒருவரின் வீட்டில் எனக்கு அறை கிடைத்தது. முதல் நாள் காலை வீட்டுக்கார அம்மா என்னை உள்ளே அழைத்து, ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். சமையலறை "கொசினா", மேசை "மேசா", சப்பாத்து "ஸபாத்தோ", பாண் "பான்". எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமது குசினியும் மேசையும் பாணும் சப்பாத்தும் அல்லவா இவை! 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கீசர் நம் வீடுகளில் விட்டுச்சென்ற சொற்கள். போர்த்துக்கீசமும் ஸ்பானியமும் லத்தீன் என்ற ஒரே தாயின் பிள்ளைகள். நீங்கள் போனாலும் முதல் நாளிலேயே பாதிக் குசினியை விளங்கிக்கொள்வீர்கள்.

மீதிப் பாதியை அரபு தெரிந்தவர் விளங்கிக்கொள்வார். சீனிக்கு "அஸூகர்", அது அஸ்ஸுக்கர். எண்ணெய்க்கு "அஸெய்தே", அது அஸ்ஸைத். அரிசிக்கு "அர்ரோஸ்", அது அல்லவா அர்ருஸ். தலையணை "அல்மோஆதா", நமது அல்மிகத்தா. நான் மாதாமாதம் கொடுத்த வாடகைக்கு "அல்கிலேர்" என்று பெயர்; அதுவும் அல்கிராவிலிருந்து வந்ததுதான்.

காலை உணவு எளிமையானது. சுட்ட பாணில் ஒலிவ் எண்ணெய் ஊற்றி, தக்காளியை அரைத்துப் பூசித் தருவார்கள். பகல் சாப்பாடு இரண்டரை மணிக்குத்தான். அதன் பின் ஐந்து மணி வரை சிறு கடைகள் பூட்டியிருக்கும். இரவுச் சாப்பாடு ஒன்பதரைக்கு முன் கிடையாது. முதல் வாரம் எனக்குப் பசி ஒரு நேரம், சாப்பாடு ஒரு நேரம் என்றாகிவிட்டது.

நாம் கவனிக்க வேண்டிய விடயம் பன்றி இறைச்சி. "ஹமோன்" என்னும் உப்பிட்ட பன்றித் தொடை பல கடைகளில் வரிசையாகத் தொங்கும். மரக்கறிச் சாப்பாடு என்று சொல்லித் தருவதிலும் சிலவேளை அதன் துண்டுகள் கிடக்கும். ஆகவே நான் முதலில் பாடமாக்கிய வசனம், "பன்றி இல்லாமல்" என்பதுதான். ஒருநாள் வீட்டில் "அல்போந்திகாஸ்" சமைத்தார்கள். பந்து போன்ற இறைச்சி உருண்டை. அல்புந்துகா என்ற அரபுச் சொல்தான் அது. ஆனால் உருண்டையில் மாடும் பன்றியும் கலந்திருந்தது. பெயர் நம்முடையது, சாப்பிட முடியவில்லை! விடயத்தைச் சொன்னேன். அந்த அம்மா கோபிக்கவில்லை. அடுத்த வாரம் மொரோக்கோக்காரர் ஒருவரின் கடையில் இறைச்சி வாங்கி, எனக்கென்று புதிதாக ஒரு சிறிய தாச்சி எடுத்து, அதில் சமைத்துத் தந்தார். "சாப்பிடு மகனே" என்று பக்கத்தில் நின்றார். மார்க்கத்தை மறைக்காமல் பணிவாகச் சொன்னால் மனிதர்கள் மதிப்பார்கள் என்பதை அன்று கண்டேன்.

ஆணும் பெண்ணும் சந்தித்தால் இரு கன்னத்திலும் முத்தமிடுவது அங்குள்ள வழக்கம். நான் கையை நெஞ்சில் வைத்துத் தலையைச் சாய்ப்பேன். இரண்டு நாளில் வகுப்பிலிருந்த பிள்ளைகளும் எனக்கு அப்படியே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

வகுப்பில் "நீ" என்பதற்கு ஒரு சொல், "நீங்கள்" என்பதற்கு "உஸ்தேத்" என்று ஒரு சொல். நான் துள்ளி எழுந்து, "இது உஸ்தாத் என்ற அரபுச் சொல்தானே?" என்றேன். ஆசிரியை புன்னகைத்து, "இல்லை, தங்கள் மேன்மை என்று பொருள்படும் இரண்டு ஸ்பானியச் சொற்கள் தேய்ந்து இப்படியானது" என்றார். எல்லாவற்றையும் நம்முடையது என்று சொல்லிவிடும் ஆசைக்கு அது நல்ல பாடம். ஆனால் அவரே, "'ஒஹலா' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா?" என்றார். ஒன்று நடக்க வேண்டும் என்று ஆசைப்படும்போது ஸ்பானியர் சொல்லும் சொல். "அல்லாஹ் நாடினால்" என்பதன் தேய்ந்த வடிவம் அது. தேவாலயத்துக்குப் போகும் கிழவியும் நாளுக்குப் பத்துமுறை அதைச் சொல்வாள்.

நவம்பர் பிறந்ததும் குளிர் பிடித்துக்கொண்டது. சியெரா நெவாடா மலையில் பனி வெள்ளையாகத் தெரியும். வீட்டில் வட்ட மேசையைத் தரை வரை தொங்கும் துணியால் மூடி, அடியில் கணப்பு வைத்து, அதற்குள் காலை நீட்டிக்கொண்டு எல்லாரும் இருப்பார்கள். அங்கே இருந்துதான் நான் வினைச்சொற்களை மனனம் செய்தேன். ஒவ்வொரு வினைக்கும் எத்தனை வடிவங்கள்! இன்று படித்தது நாளை மறந்துபோகும். "இந்த வயதில் எனக்கு எதற்கு இது?" என்று கொப்பியை மூடிய இரவுகளும் உண்டு.

அப்படியான ஒரு நாளில்தான் 1567 ஆம் ஆண்டின் அரச கட்டளையைப் படித்தேன். கிரனாடாவில் எஞ்சியிருந்தவர்கள் அதற்குள் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டிருந்தார்கள். மூன்று வருடத்துக்குள் அவர்கள் ஸ்பானியம் படித்துவிட வேண்டும். அதன் பிறகு அரபில் பேசவோ, எழுதவோ, வாசிக்கவோ கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. பெண்களின் உடைக்கும் குளிப்பிடங்களுக்கும் தடை. நூன்யெஸ் முலே என்ற முதியவர், இது நியாயமல்ல என்று அதிகாரிகளிடம் எழுத்தில் முறையிட்டார். பயனில்லை. மறு வருடம் கலகம் வெடித்தது. 1609 முதல் 1614 வரை ஸ்பெயின் முழுவதிலுமிருந்து இலட்சக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள்.

சகோதரிகளே, அன்றிரவு எனக்கு வினைச்சொற்கள் கனக்கவில்லை, வெட்கமாக இருந்தது. நான் காசு கொடுத்து, ஆசைப்பட்டு, தேநீர் குடித்துக்கொண்டு படிக்கும் அதே மொழியை, அதே ஊரில், ஒரு கிழவி பயத்தோடு படிக்க வேண்டியிருந்ததே! பேரப்பிள்ளையை எந்தச் சொல்லால் தாலாட்டியிருப்பாள்?

ஸ்பெயினின் வடக்கே, அரகோன் பகுதியில் இருந்த முஸ்லிம்களின் நிலை வேறு. அவர்களுடைய பேச்சில் அரபு முன்பே மறைந்துவிட்டது. ஆனால் எழுத்தை விடவில்லை. ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். துஆக்கள், நபிமார் வரலாறுகள், மருந்துக் குறிப்புகள் எல்லாம் அப்படி எழுதி ஒளித்து வைத்தார்கள். 1884 இல் அல்மோனஸித் என்ற கிராமத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, பலகைத் தளத்துக்கு அடியிலிருந்து அவ்வாறான கையெழுத்து நூல்கள் குவியலாக வெளிவந்தன. வைத்தவர்கள் போய் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு நமது அரபுத் தமிழ் ஞாபகத்துக்கு வந்தது.

ஊர் திரும்பியதும் உம்மும்மாவின் அலுமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் அவர் எழுதிய பழைய கொப்பி ஒன்று, ஓரமெல்லாம் கறையான் தின்ற நிலையில் கிடந்தது. அரபு எழுத்து, தமிழ்ச் சொல். மகளிடம் கொடுத்தேன். குர்ஆனைச் சரளமாக ஓதுபவள், தமிழில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றவள், இதை வாசிக்க முடியாமல் விழித்தாள். தமிழ் ஓசைகளுக்காக நம் முன்னோர் புள்ளி கூட்டி அமைத்த எழுத்துக்களைக் காட்டிக்கொடுத்தேன். கால் மணி நேரம் விரல் வைத்துத் தடவி, பிறகு உரக்க வாசித்தாள்: "சீனி இரண்டு றாத்தல். தேங்காய் ஆறு."

ஏதோ பெருநாள் கணக்கு. றாத்தல் என்பதும் அரபுச் சொல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

நமக்கு யாரும் தடை போடவில்லை. நாமாகவே மறந்திருக்கிறோம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு கொப்பி இருக்கலாம். கறையான் முந்திக்கொள்வதற்கு முன் எடுத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.