தகரத் தோணி

வரவு இடாப்பில், சமுகமளிக்காத மாணவனின் பெயருக்கு நேரே சிவப்பு மையினால் ஒரு சுழியம் இடுவது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். வகுப்பாசிரியன் என்ற முறையில் எத்தனையோ சுழியங்களை இட்டிருக்கின்றேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வீடும் ஒரு வயிறும் இருக்கின்றன என்று அப்போதெல்லாம் நான் எண்ணியதில்லை. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உயர்தர வகுப்பின் இடாப்பில் பதினொரு பெயர்களுக்கு நேரே, ஒரே நாட்களில், ஒரே வரிசையாகச் சுழியங்கள் விழத் தொடங்கின. காய்ச்சலும் கலியாணமும் பதினொருவருக்கு ஒன்றாக வருவதில்லை. அந்தப் பதினொருவரும் வாவிக்கு அப்பால், படுவான்கரையிலிருந்து வருபவர்கள்.

மட்டக்களப்பு வாவியை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். ஞாயிறு எழும் கீழைக்கரையை எழுவான்கரை என்றும் அது படும் மேலைக்கரையைப் படுவான்கரை என்றும் எம்மவர் அழைப்பர். பெயர்கள் அழகானவை. ஆனால் அந்தப் பெயர்களுக்கிடையே கிடக்கும் தண்ணீர் வெறும் தண்ணீரன்று. நகரும் கந்தோர்களும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில் உள்ளன. வயலும் குளமும் காடும் யானைப் பயமும் படுவான்கரையில் உள்ளன. இந்தக் கரை உண்ணும் சோற்றை விளைவிப்பது அந்தக் கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அப்பகுதி மக்களின் இடர் பெருமளவு நீங்கியது. எங்கள் துறையோ அப்பாலத்திலிருந்து எட்ட உள்ளது. அக்கரைக் கிராமத்துப் பாடசாலை பதினோராந் தரத்துடன் நின்றுவிடுகின்றது. மேலே படிக்க விரும்பும் பிள்ளை வாவியைக் கடந்தேயாக வேண்டும்.

அதுவரை அவர்களைக் கடத்திவந்தவர் ஒரு முதிய படகோட்டி. ஊரில் எல்லோருக்கும் அவர் மாமா; எனக்கும் அவர் மாமாதான். அவருடைய இயந்திரம் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. 2022 ஓகத்து மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தது. பத்திரிகையில் அதனை ஒரு செய்தியாக வாசித்துவிட்டு நான் பக்கத்தைப் புரட்டியிருக்கக்கூடும். அச்செய்தி மூன்று மாதங்களின் பின் சிவப்புச் சுழியங்களாக என் கைக்கே வந்து சேர்ந்தது. மாமா இயந்திரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, சிறு மரத்தோணியைத் தாங்குகம்பினால் ஊன்றத் தொடங்கினார். வாடைக்காற்று வீசும் நாட்களில் அதுவும் இயலாது. முதலில் இரண்டு பெண்பிள்ளைகளை வீட்டார் மறித்தனர். பின்னர் மற்றையோரும் நின்றனர்.

வீட்டாரைக் குறைகூற எவருக்கு வாய் வரும்? 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய மிதவை கவிழ்ந்து, பாடசாலை சென்ற பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அந்தத் துயரம் கிழக்கின் ஒவ்வொரு துறையிலும் பெற்றோரின் நெஞ்சில் உறைந்து கிடக்கின்றது. "படிச்ச பிள்ளையை விட உசிரோட இருக்கிற பிள்ளை பெரிசு, சேர்" என்றார் ஒரு தாய். நான் பதில் சொல்லவில்லை.

எங்கள் துறையின் ஓரத்தில், கண்டல்களுக்கிடையே, நெடுநாளாக ஓர் அலுமினியப் படகு கவிழ்ந்து கிடந்தது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர் உதவிப் பொருட்களோடு வந்தது என்றார்கள். பதினெட்டடி நீளம், ஆறடி அகலம். ஊரார் அதற்கு இட்ட பெயர் தகரத் தோணி. ஆடுகள் அதன் நிழலில் படுத்திருக்கும். உரியவர்களிடம் கேட்டபோது, "எடுத்துக்கொண்டு போங்க" என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். எவருக்கும் பயன்படாத பொருளைத் தானமாகத் தருவதில் எவரும் தயங்குவதில்லை.

நான் தமிழ் சிறப்புப் பட்டதாரி. அம்பி, திமில், நாவாய், வங்கம், ஓடம், தோணி என்று கலங்களின் பெயர்களை வரிசையாக ஒப்புவிப்பேன். நெய்தல் திணையின் முதல், கரு, உரிப் பொருள்களைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதிக் காட்டுவேன். ஆனால் ஒரு கலம் ஏன் ஒழுகுகின்றது என்பதை முப்பத்தைந்து வயதுவரை நான் அறியேன். 2023ஆம் ஆண்டு, பெரும்போக அறுவடை முடிந்த கையோடு அந்தப் படிப்புத் தொடங்கியது. பெற்றோர் பணம் தரவில்லை. அவர்களிடம் பணம் இல்லை. நெல் தந்தார்கள். அதனை விற்ற காசும் ஆசிரியர் சிலரின் பங்கும் முதலாயின. மாமா ஆசானானார்.

முதற்பாடம் வியப்பானது. ஒழுக்கைக் காண்பதற்குப் படகை நீரில் விடக்கூடாது. நீரைப் படகில் விடவேண்டும். மரக்குற்றிகளின்மேல் படகை நிமிர்த்தி வைத்து, வாளி வாளியாக உள்ளே தண்ணீர் நிரப்பினோம். மாணவர்கள் கீழே குனிந்து சென்று, துளி சொட்டும் இடமெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார்கள். அறுபத்து மூன்று வட்டங்கள். அவற்றிற் பெரும்பாலானவை தகடுகளை இணைக்கும் தறையாணிகள் தளர்ந்த இடங்கள். தளர்ந்த தறையாணியை இறுக்க இருவர் வேண்டும். வெளியே நிற்பவர் ஆணியின் தலையில் கனமான இரும்புக்கட்டியை அழுத்திப் பிடிப்பார். உள்ளே இருப்பவர் மறுமுனையைச் சுத்தியலால் தட்டிப் பரப்புவார். ஒருவரையொருவர் காணமுடியாது. ஓசையைக் கேட்டே வேலை செய்ய வேண்டும். மாமா வெளியே, நான் உள்ளே. வேலையின் முதல் நாளில் என்னைச் "சேர்" என்றழைத்தவர், மூன்றாம் நாள், "மெதுவா அடி மனே, அது உன்ட பேனை இல்ல" என்றார். பல்கலைக்கழகம் எனக்களித்த பட்டத்தைக் காட்டிலும் அந்த "மனே" எனக்கு உவப்பாயிருந்தது.

பின்பலகைதான் பெரும் ஏமாற்றம். இயந்திரத்தைத் தாங்கும் அவ்விடத்தில் அலுமினியத் தகட்டுக்கு உட்புறமாக ஒட்டுப்பலகை வைத்திருந்தார்கள். வெளியே பார்வைக்குத் திடமாயிருந்தது. திறந்தபோது நனைந்த பாண் போலக் கையோடு வந்தது. இருக்கைகளின் கீழிருந்த மிதவைப் பஞ்சோ நீரைக் குடித்துக் கனத்திருந்தது. மிதக்க வைப்பதற்காக இட்டதே அமிழ்த்தும் சுமையாக மாறியிருந்தது. அதனை அகற்றி, மூடி இறுக்கிய இருபது லீற்றர் பிளாஸ்ரிக் கான்கள் பன்னிரண்டை இருக்கைகளின் கீழும் பக்கங்களிலும் வரிந்து கட்டினோம். 240 லீற்றர் காற்று, 240 கிலோகிராம் நீரை விலக்கும். படகு நிறைய நீர் புகுந்தாலும் அது அடிக்குப் போகாது; பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பேனும் மேலே நிற்கும். விஞ்ஞான ஆசிரியர் அந்தக் கணக்கை மாணவர்களைக் கொண்டே செய்வித்தார். பரீட்சைக்காக மனனஞ் செய்த ஆர்க்கிமிடீசின் தத்துவம் தங்கள் உயிரோடு தொடர்புடையது என்று அன்றுதான் கண்டோம் என்றார்கள்.

அடித்தட்டைக் கழற்றியபோது விரல் நுழையும் அளவில் ஓர் ஓட்டை தெரிந்தது. அதனருகே பாசிபோலப் பச்சை நிறக் கறை. கறையின் நடுவே ஒரு துண்டுச் செப்புக்கம்பி. பழைய திருத்தவேலையின்போது எவரோ தவறவிட்டது. அலுமினியம் காற்றுப்பட்ட கணத்திலேயே தன்மேல் ஒரு மெல்லிய தோலைப் போர்த்துக்கொண்டு தன்னைக் காக்கும் உலோகம். ஆனால் உப்புநீரில் செம்பு அதனைத் தொட்டுக்கொண்டிருந்தால் காவல் பயன்படாது. செம்பு நலமே இருக்கும், அலுமினியம் கரையும். இதனாலேயே செம்பு கலந்த பாசித்தடுப்பு வர்ணங்களை அலுமினியப் படகுக்குப் பூசலாகாது. இரும்பு மரையாணிகளையும் அகற்றித் துருவேறா உருக்கு ஆணிகளை இட்டோம். அவையும் தகட்டை நேரே தொடாவண்ணம் நைலோன் வளையம் வைத்தோம். பின்புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு துத்தநாகக் கட்டியைப் பொருத்தினோம். நாகம் அலுமினியத்துக்கு முன்னே கரையும். அது கரையுமளவும் படகு பிழைக்கும். ஆண்டுக்கொரு முறையாவது பார்த்து மாற்றவேண்டும்.

"அப்ப நாகம் என்ன பாவம் செய்தது, சேர்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. இரசாயன நூல்கள் செம்பினை உயர் உலோகம் என்கின்றன. உயர்ந்தது தேயாமலிருக்கத் தாழ்ந்தது கரைவதை அவை இயற்கை நியதி என்கின்றன. உலோகங்களுக்கு அது நியதியாயிருக்கலாம். மனிதருக்கும் அதுவே நியதி என்று நெடுங்காலம் சொல்லி வந்தவர்கள் பலர். படுவான்கரை கரைந்து எழுவான்கரை நிலைப்பது உப்புநீரின் குணத்தால் அன்று. மனிதர் எடுத்த முடிவுகளால். இதனை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோது, சொல்லத் தேவையில்லை என்று தோன்றியது.

பக்கச்சுவரில் ஓரிடத்தில் படியொன்று அமைத்து, வெள்ளைச் சீருடை நனையாமல் ஏறவும், தூக்கிவிட இன்னொருவர் கையை நாடாது இறங்கவும் வகைசெய்தோம். அது பெண்பிள்ளைகளின் யோசனை. நாங்கள் ஆண்கள் ஒருவரும் அதனை நினைத்திருக்கவில்லை.

வேலை முடிந்தபின்னரே உண்மையான சிக்கல் எழுந்தது. இத்தகைய சிறு படகுகளுக்கு ஓர் எளிய கணக்குண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடிகளிற் பெருக்கிப் பதினைந்தால் வகுக்கவேண்டும். பதினெட்டை ஆறாற் பெருக்க 108. பதினைந்தால் வகுக்க ஏழு. மாமாவைக் கழித்தால் ஆறு பிள்ளைகள். நமக்கோ பதினொருவர். இரண்டு நடை ஓடினால் எண்ணெய்ச் செலவு இரட்டிக்கும். "பிள்ளைகள்தானே சேர், பாரமில்லை. நெருங்கி இருந்தால் ஒரே நடை" என்றனர் பெற்றோர். அவர்கள் கஞ்சத்தனத்தினால் கேட்கவில்லை. கணக்குப் பார்த்தே கேட்டார்கள். துறையில் கூடி இரவு ஒன்பது மணிவரை பேசினோம். முடிவைத் தந்தவர் மாமா: "ஏழு எண்டா ஏழு. எட்டாம் ஆள் ஏறினா நான் இறங்கிருவன்." இரண்டு நடைக்கான எண்ணெய்க்கு மாதம் ஒரு கணக்கு வைத்தோம், வறிய இரு வீடுகளின் பங்கை மற்றையோர் பகிர்ந்தனர். மிதவைச் சட்டை அணியாதவர் ஏறமுடியாது என்பதும் அன்றே விதியாயிற்று.

2023 ஆவணியில், மாரிக்கு முன்னர், படகு நீரில் இறங்கியது. அன்று நான் அடித்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு துளியும் வரவில்லை. பதினொருவரில் ஒன்பதின்மர் வந்தார்கள். ஒருவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குச் சென்றுவிட்டான். ஒருத்திக்குத் திருமணம் ஆகிவிட்டது. அவ்விருவரின் பெயர்களையும் இடாப்பிலிருந்து வெட்டியவன் நான்தான். அறுபத்து மூன்று ஒழுக்குகளை அடைத்தோம். அந்த இரண்டை அடைக்க முடியவில்லை.

இக்கதையைக் கேட்ட நண்பர்கள் சிலர் பாராட்டினர். பாராட்டில் எனக்கு அச்சம் உண்டு. இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. பாடசாலைக்குள் கட்டணமில்லை என்பது பெருஞ் சாதனைதான். ஆனால் பாடசாலைக்குச் செல்லும் வழியில் ஒரு பிள்ளை உயிரையும் எண்ணெய்க் காசையும் பணயம் வைக்க வேண்டுமாயின், அந்தச் சாதனை வாவியின் பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள். ஏழை உழவனின் நெல்லும் ஆசிரியனின் சம்பளமும் சேர்ந்து ஒரு படகைத் திருத்தியதை முன்மாதிரி என்று எவரேனும் மேடையில் புகழ்ந்தால், அப்புகழ்ச்சி பொறுப்புடையோரின் பொறுப்பை மூடும் வர்ணப்பூச்சாகிவிடும். ஆகவே படகு ஓடத் தொடங்கிய வாரத்திலேயே, முறையான படகுச் சேவையும் அக்கரையில் உயர்தர வகுப்பும் வேண்டும் என்று பெற்றோர் ஒரு மனு எழுதினர். வாசகம் அவர்களுடையது, எழுத்துப்பிழை திருத்தியது மட்டும் நான். அதற்கான பதிலை இன்னமும் காத்திருக்கின்றோம்; மீண்டும் எழுதிக்கொண்டுமிருக்கின்றோம்.

சென்ற மாதம் படகைக் கரையேற்றிப் பார்த்தோம். நாகக்கட்டி பாதியாகத் தேய்ந்திருந்தது. அலுமினியத்தில் புதிய காயம் எதுவுமில்லை. "கட்டி தேயத்தான் செய்யும். தேய்ஞ்சா மாத்தத்தான் வேணும்" என்றார் மாமா. அவருக்கு எழுபது வயதாகின்றது. அவருக்குப் பின் சுக்கானைப் பிடிக்க, வார இறுதிகளில் அவரிடம் பயில்கின்றாள் ஒருத்தி: அன்று நாகத்துக்காக வழக்காடிய அதே மாணவி.

நண்பர்களே, உங்கள் வகுப்பு இடாப்பைத் திறந்து பாருங்கள். சிவப்புச் சுழியங்கள் ஒரே வரிசையில் விழுந்திருந்தால், அந்த வரிசை எங்கே செல்கின்றது என்று ஒருநாள் நடந்து சென்று பாருங்கள். எங்களுடையது ஒரு துறையில் போய் முடிந்தது.