தாமஸ் என்கிற சிவப்புச் செவ்வகம்

அன்புள்ள அக்கா,

"கேம்ஸ்னாலே சுட்டுத் தள்ளுறதுதானே?" என்று போனில் கேட்டாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

இப்போது நான் விளையாடுவது 'தாமஸ் வாஸ் அலோன்'. மைக் பித்தல் என்கிற இங்கிலாந்துக்காரர் 2012-ல் வெளியிட்டது. இதில் துப்பாக்கி கிடையாது. பிடிக்கக் கையும் கிடையாது! வருகிறவர்கள் எல்லாருமே வண்ணக் கட்டங்கள். தாமஸ் ஒரு சிவப்புச் செவ்வகம். ஜான் மஞ்சள் நிறத்தில் ஒல்லியாய், நெட்டையாய் இருப்பான். உயரத் தாவுவதில் அவனுக்கு ஏகப் பெருமை. கிறிஸ் குட்டை ஆரஞ்சுச் சதுரம். அவனால் எட்டிக் குதிக்க முடியாது, அந்தக் கடுப்பு வேறு. உதவியும் செய்வான், முணுமுணுக்கவும் செய்வான், அப்படியே நம் பெரியப்பா.

ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் அளவிலேயே வெள்ளைக் கோட்டில் ஒரு வாசல் இருக்கும். எல்லாரும் அவரவர் வாசலில் போய் நின்றால்தான் அடுத்த நிலை திறக்கும். ஒருவர் மட்டும் முந்திப் போய்ப் பயனில்லை. ஜான் நுழைய முடியாத சந்துக்குள் கிறிஸ் நுழைந்துவிடுவான். கிறிஸ் ஏற முடியாத மேட்டுக்கு மற்றவர்கள் படியாக நிற்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தவள் கிளேர். பெரிய நீலச் சதுரம், மெதுவாக நகர்வாள், சரியாகக் குதிக்கவும் வராது. ஆனால் மற்றவர்கள் தொட்டாலே அழிந்துபோகும் தண்ணீரில் இவள் மட்டும் மிதப்பாள். அது தெரிந்ததும் தன்னை ஒரு சூப்பர் ஹீரோ என்றே முடிவு கட்டிவிடுகிறாள். அதன்பின் எல்லாரும் அவள் முதுகில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டும்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது டேனி வாலஸ் என்பவரின் குரல். அதற்காக 2013-ல் அவருக்கு பாஃப்டா விருதே கிடைத்தது. சத்தத்தை அணைத்துவிட்டு ஆடிப் பார்த்தேன். வெறும் கட்டம் நகர்த்தும் வேலையாகிவிட்டது. கிறிஸுக்கு லாரா என்ற இளஞ்சிவப்புச் செவ்வகத்தின் மேல் காதல் வருவதைக்கூட அந்தக் குரல் சொல்லித்தான் நம்புகிறோம்.

குறையும் உண்டு. மொத்தம் 100 நிலைகள், புதிர்கள் பெரும்பாலும் சுலபம். சில இடங்களில் ஒவ்வொருவராகப் படியேற்றி முடிப்பதற்குள் அலுப்புத் தட்டும். மூளையைக் கசக்கியே தீருவேன் என்பவர்களுக்குக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் 'பிரெய்ட்' என்கிற கேம் இருக்கிறது. எனக்கு அதைவிட இந்தக் கட்டங்களின் சச்சரவுதான் பிடித்திருக்கிறது.

பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்ததும் உன் லேப்டாப்பில் இதைப் போட்டுக் கொடு. பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் எழுத்தாகவும் திரையில் வரும். அவளுக்குப் புரியாததை நீ சொல்லிக் கொடுக்கலாம். கிளேர் வரும் வரைக்காவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார். அப்புறமும் கேம்ஸ் என்றால் சுடுவதுதான் என்று தோன்றினால் தாராளமாக என்னைத் திட்டி எழுது. அத்தானை ரொம்பக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி