பக்கப் பாதை உன்னுடையதுதான்

ஸ்காபரோ
ஜனவரி, செவ்வாய் இரவு

அன்புத் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். மாமியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன். போனில் சொன்னால் "சரியக்கா, சரியக்கா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

பேஸ்மென்ட் பெடியனைப் பற்றித்தான். "ஸ்னோ அள்ளுறது அவன்ர பொறுப்பு, லீஸில எழுதிக் கையெழுத்தும் வாங்கியிட்டன்" என்றாயே, அந்த வரியை நம்பி நித்திரை கொள்ளாதே. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்துக்கு முரணாக லீஸில் எதை எழுதினாலும் செல்லாது. இரண்டு பேரும் மனமொத்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான். பொதுவாகப் புழங்கும் வெளியிடங்களில் ஆபத்தாகச் சேரும் ஸ்னோவையும் ஐஸையும் அகற்றுவது வீட்டுக்காரனின் வேலை. கராஜுக்குப் பக்கத்தால் பேஸ்மென்ட் கதவுக்குப் போகும் அந்த ஒடுங்கின பாதையால்தான் நீங்களும் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகிறீர்கள். அவனுக்கு மட்டுமான பாதை என்று எப்படிச் சொல்வாய்? முழு வீட்டையும் ஒரே குடும்பத்துக்குக் கொடுத்திருந்தால் வாதாட இடமிருக்கலாம். நீ மேலே இருக்கிறாய், அவன் கீழே இருக்கிறான்.

இது நானாகச் சொல்லும் சட்டம் இல்லை. உன்னைப்போலவே ஒரு வீட்டுக்காரர், பாதையையும் படியையும் குடியிருப்பவர்தான் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்று லீஸில் எழுதியிருந்தார். பேஸ்மென்டில் இருந்த பெண் ஐஸில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டார். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் அந்த லீஸ் வரி வீட்டுக்காரரைக் காப்பாற்றாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு ஒரு வழியையும் விட்டுவைத்தது. குடியிருப்பவரை ஸ்னோ அள்ளும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அது வாடகையோடு முடிச்சுப் போடாத தனி ஒப்பந்தமாக, அதற்கென்று ஒரு கூலியோடு இருக்க வேண்டும். அப்படிக் கூலி கொடுத்து வைத்தாலும் சட்டம் முதலில் தேடி வருவது உன்னைத்தான்.

2018 ஏப்ரல் 30இலிருந்து மாகாணத்தின் பொது லீஸ் படிவம் கட்டாயம் என்பது உனக்குத் தெரியும், அதைத்தான் நீயும் நிரப்பினாய். மேலதிக நிபந்தனை என்று ஒட்டுகிற தாளும் சட்டத்துக்கு முரணானால் செல்லாது. உனக்கு அந்த வசனத்தை எழுதித் தந்த ஏஜென்ட் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு அதிசயமே இல்லை. கொமிஷன் வந்தால் அவர் வேலை முடிந்தது.

சட்டத்தை விடு. அன்றைக்குப் புறப்படும்போது நான் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். உன் பீலியிலிருந்து இறங்கும் குழாய் நேரே பாதைக்குக் குறுக்கே தண்ணீரைக் கொட்டுகிறது. பகலில் கூரை ஸ்னோ உருகி வழியும், பொழுதுபட்டதும் அது உறையும். மூன்றாவது சீமெந்துக் கல்லில் தொடங்கிக் கதவடிப் படி வரைக்கும் கண்ணாடி பதித்த மாதிரி இருந்தது, அடியில் கல்லின் வெடிப்புக்கூடத் தெரிந்தது. மேலே மெல்லிசாகப் புது ஸ்னோ தூவினால் யாருக்கும் தெரியாது. பெடியன் வெயர்ஹவுஸ் வேலைக்கு விடியப்புறம் இருட்டோடு போகிறவன். அந்தப் பக்கத்து லைட்டும் எரியவில்லை. இதை அவன் அள்ளித் தீர்க்க முடியாது, குழாயைத் திருப்பினால்தான் தீரும். அது எப்படிப் பார்த்தாலும் உன் வேலை.

அவன் வாய் திறந்து கேட்க மாட்டான். படிக்க வந்த பிள்ளை, ஏதும் கதைத்தால் எழும்பச் சொல்லிவிடுவாயோ என்ற பயம் இருக்கும். வீட்டுக்காரர், குடியிருப்பாளர் சபைக்கு ரீ-6 என்று ஒரு படிவம் போடலாம் என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்ல மாட்டேன் என்று மட்டும் நினைக்காதே.

விழுந்தால் என்ன நடக்கும் என்றும் தெரிந்துகொள். தனியார் இடத்தில் ஸ்னோ, ஐஸால் காயப்பட்டவர் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று 60 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து இதுதான் முறை. நகரசபை நடைபாதையில் விழுந்தால் 10 நாள். 60 நாள் போனால் தப்பிவிடலாம் என்று கணக்குப் போடாதே, நியாயமான காரணம் இருந்தால் பிந்தியும் நீதிமன்றம் ஏற்கலாம். உன் வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கு பேஸ்மென்டை வாடகைக்கு விட்டது தெரியுமா? அதை நாளைக்கே கேள்.

நாங்களும் பேஸ்மென்டில் இருந்தவர்கள்தான். 1999 ஜனவரியில் மேயர் மெல் லாஸ்ட்மன் ஆமியைக் கூப்பிட்டு ரொறன்ரோவில் ஸ்னோ அள்ள வைத்தார். மற்ற மாகாணக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீ அப்போது வன்னியில். நானும் அத்தானும் ஒரு இத்தாலியக் கிழவரின் பேஸ்மென்டில் இருந்தோம். சரியான கஞ்சன், ஹீட்டரைக் கூட்டவே விட மாட்டார், வருஷம் பிறந்தால் வாடகையையும் கூட்டுவார். ஆனால் நாங்கள் வேலைக்கு வெளிக்கிட முதலே எங்கள் படியடியில் சவளின் சத்தம் கேட்கும். ஏசிக்கொண்டேதான் அள்ளுவார், எங்களை ஒரு நாளும் அள்ளச் சொன்னதில்லை.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த வரியை லீஸிலிருந்து எடுத்துவிட்டதாக அவனுக்கு இரண்டு வசனம் எழுதிக் கொடு. நீ இரவு வேலைக்குப் போகிற நாட்களில் அவன் அள்ள விரும்பினால், தனித் தாளில் எழுதிக் காசு கொடு. ஒரு நாள் அவன் தவறவிட்டால் வேலையைப் பற்றித்தான் கதைக்கலாம், வீட்டைப் பற்றிக் கதைக்க ஏலாது. அவன் காருக்கு மேலே கிடக்கிற ஸ்னோ அவன் பாடு, அதற்கு நீ தலையைக் கொடுக்காதே. அள்ளினதை றோட்டில் தள்ளாதே, நகரசபை தண்டம் அடிக்கும். ஸ்னோவை வழித்த பிறகு உப்புப் போடு, மேலே கொட்டினால் வீண். குளிர் மைனஸ் பத்துக்குக் கீழே இறங்கினால் சாதாரண உப்பு மந்தமாகிவிடும், கல்சியம் குளோரைட் கலந்த பை ஒன்றை வாங்கிக் கதவடியில் வை. அள்ளி முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்து வை. பிறகு யாரும் கேட்டால் வாயால் சொல்வதைவிட அது பெறுமதி.

பக்கத்து லைட்டுக்கு பல்ப் நான் வாங்கி வைத்திருக்கிறேன். குழாயைத் திருப்ப அத்தான் சனி காலை வருவார், ஏணி உன்னிடம் இருக்கிறதா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று வெள்ளிக்கு முதல் சொல்லு.

அன்புடன்,
அக்கா