துச்சாதனன் கேட்ட மன்னிப்பு

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளின் இரைச்சல் விடிய விடியக் கேட்கும் சிற்றூர் ஒன்றில், திரௌபதி அம்மன் உற்சவத்தை ஒட்டித் துகிலுரிதல் கூத்து நடந்த இரவில், ஆட்டத்தைக் காட்டிலும் அதன் தொழிலை அறியும் ஆவலே மேலிட, வேஷம் கட்டும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன்.

துச்சாதனன் வேஷக்காரர் முழங்காலில் சாய்த்து வைத்த சிறு கண்ணாடியைப் பார்த்து முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் மார்ப்பதக்கத்தையும் இருவர் சேர்ந்து கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள்; கட்டை வேஷம் என்று இதைச் சொல்வது இதனால்தான். எதிரே, திரௌபதியாக வேஷம் தரிக்கும் நடுவயது ஆடவர், உருவப்படுவதற்கென்று ஒரு சேலையை மேலே சுற்றிக்கொண்டு, உள்சேலை நழுவாதபடி இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார். மானத்தைக் காக்கக் கண்ணன் வருவதற்கு முன்பே இந்த முடிச்சு வந்துவிடுகிறது.

நள்ளிரவு தாண்டி, தன்னையே முதலில் தோற்றுவிட்டவனுக்கு மனைவியைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்று பாஞ்சாலி கேட்க, சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சேலையில் கை வைக்குமுன் துச்சாதனன் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷக்காரரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டான். பெண்கள் கண்ணீர் விட்டார்கள். ஒருத்திக்கு அருள் வந்தது. வன்முறையைக் காட்டுகிறவன் அதன் பாவத்தில் தோயாதிருக்கக் கண்ட இந்த சம்பிரதாயம் உயர்ந்ததே; ஆயினும் மன்னிப்புக் கேட்டவன் நடிகன், சபை அன்று. கற்பூரப் புகையில் பாஞ்சாலி அம்மனாகிவிடுகிறாள், அவளுடைய வழக்கோ தீர்ப்பின்றி நின்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அந்த வழக்கை மறுபடி எடுத்தவர்களுள் நாடகாசிரியை அ. மங்கை முக்கியமானவர். 1990களில், பெண்சிசுக் கொலையைப் பற்றிய 'பச்ச மண்ணு' நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றபோது, பிறப்பு, பூப்பு, விவாகம் என்னும் சடங்குகளையே அவர் கருவியாக்கினார். தாங்கள் அன்றாடம் செய்கிற சடங்கே பெண்ணை எவ்விதம் சுமையாக்குகிறது என்பதைப் பார்ப்பவர்கள் தாங்களே காணும்படி செய்தார். அங்கே அழுதுவிட்டு எழுந்து போவது எளிதன்று.

பொழுது விடிந்து அரிதாரம் கலைக்கையில், பெண்கள் கூத்தாடலாகாதா என்று துச்சாதனன் வேஷக்காரரிடம் கேட்டேன். ஆண்களுக்கே உரியதாயிருந்த இக்கலையைக் கற்பிக்க, காஞ்சிபுரத்தில் 1990இல் தோன்றிய கட்டைக்கூத்துச் சங்கம் 2002இல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கிச் சிறுமிகளுக்கும் கட்டை கட்டிவிட்ட செய்தி அவர் அறிந்ததுதான்.

"எம் பொண்ணும் கேக்குது சார். ராத்திரியில ஊர் ஊரா போற தொழிலு, நாளைக்கு யாரு கட்டிப்பான்?" என்றார் துச்சாதனன்.

"நடுராத்திரியில ரோட்டுல நிக்கிறது பூரா நம்ம ஆம்பளைங்கதானே அண்ணே, அவ யாருக்குப் பயப்படணும்?" என்று கேட்டார் சவுரியை அவிழ்த்துக்கொண்டிருந்த திரௌபதி.

பெண்ணுக்குப் பாட்டெல்லாம் மனப்பாடமாம். எந்த வேஷம் விருப்பம் என்று விசாரித்தேன். பாஞ்சாலி அல்லவாம், துச்சாதனனாம். அவனுக்குத்தான் அடவு அதிகம் என்கிறாளாம். அந்தக் கட்டையின் பாரத்தை அவள் தோள் தாங்குமா என்பதே தகப்பனாரின் அடுத்த கவலை.