ஏற்றத்தில் மூச்சு, இறக்கத்தில் கால்
கொடைக்கானல் மேல்மலைக் குறிப்புகள்

* சமவெளியில் ஓடுகிறவர் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று பார்ப்பார். பூம்பாறையிலிருந்து மன்னவனூர் போகிற வழியில் அந்தக் கணக்கு உதவாது. எந்த வளைவில் மூச்சு வாங்கும், எந்த வளைவில் அது அடங்கும் என்று தெரிந்திருந்தால் போதும். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். கீழேயிருந்து வருகிறவருக்கு முதல் சில நாள் நெஞ்சு படபடக்கும். சில வாரம் தங்கிவிட்டால் உடம்பே சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்ளும்.

* விறகுக் கட்டோடு மேடேறிக்கொண்டிருந்த அப்பத்தா ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, மேட்டுல மூச்சக் காப்பாத்திக்க, இறக்கத்துல காலக் காப்பாத்திக்க. அம்புட்டுத்தான்." எந்தப் பயிற்சியாளரும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. இறங்கும்போது தொடைத் தசை உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. அந்த வேலைதான் தசை நார்களை அதிகம் நோகடிக்கும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ படியிறங்கும்போது தெரியும். ஒருமுறை அப்படி வலித்து ஆறிய கால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தை நன்றாகவே தாங்கும். அப்பத்தா முட்டியை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைத்து இறங்கிப் போனார். நானும் இப்போது அப்படித்தான் இறங்குகிறேன்.

* பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். சரிவான தெருவில் முன்னால் இருப்பவர்கள் இழுக்க, பின்னால் இருப்பவர்கள் பிடித்து நிறுத்துகிறார்கள். இழுக்கிறவருக்கு உள்ள அதே மரியாதை பிடித்து நிறுத்துகிறவருக்கும் உண்டு. மலையில் ஓடுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்தத் தேரோட்டத்தைப் பார்க்க வேண்டும்.

* விடியுமுன்னே எழுந்துவிட்டோம் என்ற பெருமை இங்கே யாருக்கும் செல்லாது. நான் கிளம்பும் நேரத்தில் பூண்டுக் காட்டில் ஆள் இறங்கியிருக்கும். படிப்படியாக வெட்டிய வயல்களில் குனிந்து களையெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மார்கழி, தை மாதங்களில் புல்நுனியில் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும்போதும் அவர்கள் வெறும் கையோடுதான் மண்ணைத் தொடுகிறார்கள். பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகைமூட்டம் போடுவார்கள். அதனால் நெடுநாள் கெடாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சரக்கு கீழே வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். அன்றைய விலை என்ன என்பதை ஊருக்குள் ஓடித் திரும்பும்போதே முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

* காட்டுமாடு நின்றால் நானும் நிற்கிறேன். நன்கு வளர்ந்த காளை ஒரு டன் வரைகூட இருக்கும். அது புஸ்ஸென்று மூச்சு விட்டால் வழியை விட்டு ஒதுங்க வேண்டும். குறுக்கே ஓடவும் கூடாது, படமெடுக்க நெருங்கவும் கூடாது. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அப்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் ஓடுவதே பாதுகாப்பு. கிளை முறிகிற சத்தமும் சாணத்தின் வாடையும் கண் காணுமுன்பே சேதி சொல்லிவிடும்.

* குறிஞ்சி 2018இல் பூத்தது. இனி 2030இல் பூக்க வேண்டும். பூத்தபோது பார்க்க வந்த கூட்டத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பூக்காத ஆண்டுகளிலும் அந்தச் செடிகள் சரிவில் பச்சையாக நின்று மண்ணைப் பிடித்திருக்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு, மிதிக்காமல் ஓடுவது எனக்கு முக்கியம். தோல் பதனிடப் பட்டை தரும் என்று சீகை மரத்தையும், கூழுக்காகத் தைலமரத்தையும் ஒரு காலத்தில் குறிஞ்சி வளர்கிற இந்தப் புல்வெளிகளில் நட்டார்கள். சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடந்து முளைக்கிறது. மரம் வந்த இடமெல்லாம் காடாகிவிடாது. மழைநீரை உறிஞ்சி வைத்து ஓடைக்கு மெல்ல விட்டுக்கொண்டிருந்த புல்வெளி போனது போனதுதான். இந்த மலைகளில் ஏறக்குறைய 609 சதுர கிலோமீட்டர் 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே ஓடுவதில்லை. ஊர்வழிகளே எனக்கு நிறைய.

* வட்டக்கானலிலிருந்து வெள்ளகெவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்கும் பாதை பழையது. மோட்டார் சாலைக்கு முன்பே ஆளும் குதிரையும் மலையேறிய வழிகளில் அதுவும் ஒன்று. வெள்ளகெவி ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள். நானும் ஓட்டக் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கால் அறியாத கல்லெல்லாம் அப்போது தெரிந்தது. அரிசி மூட்டையைக் குதிரையின் முதுகில் ஏற்றி அதே கல்லில் ஒருவர் எதிரே வந்தார். அவருக்கு வழிவிட்டு நின்றேன்.

* அந்தப் பாதையில்தான் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணையும். சாலை வேண்டும் என்று மலையூர்க்காரர்கள் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. ஒற்றையடிப் பாதையின் அழகைச் சொல்லி அதை மறுக்க, விரும்பியபோது ஓடிவிட்டுத் திரும்புகிற எனக்கு உரிமை கிடையாது.

* சாலை வந்த பிறகும் பாதை இருக்கட்டும் என்பதே என் ஆசை. நடக்க ஆளில்லாத வழியை உண்ணிச்செடியும் சீகைக் கன்றும் இரண்டு மழைக்குள் மூடிவிடும். அதோடு எந்த ஊற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவு ஐப்பசி மழையில் சரியும் என்ற அறிவும் போய்விடும். அதைப் பெரியவர்கள் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. நடந்து நடந்து சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளை வாரம் ஒருநாள் பக்கத்து ஊர்வரை இந்தப் பாதைகளில் ஓடவிடலாம், கூடவே ஒரு பெரியவரை அனுப்பலாம். செலவில்லாத வேலை. நான் இருக்கும் ஊரில் இதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறேன், தொடர்ந்து கேட்பேன்.