வெள்ளைப் பட்டை

கார் டயரின் பக்கவாட்டில் இருக்கும் வெள்ளைப் பட்டையை அலங்காரம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். கறுப்புதான் டயரின் சுபாவம், வெள்ளை பின்னால் வந்து ஏறியது என்று. சரித்திரம் இதற்கு நேர்மாறு. ரப்பர் வெளிறிய வஸ்து. அதில் துத்தநாக ஆக்ஸைடு சேர்த்துச் செய்த ஆரம்பகால டயர்கள் வெள்ளையாகவே இருந்தன. மிஷலின் கம்பெனியின் டயர் மனிதன் 1898-ல் வெள்ளையாகப் பிறந்து இன்றைக்கும் வெள்ளையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். லண்டன் சில்வர்டவுனில், இந்தியா ரப்பர் என்று நம் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில், 1904 வாக்கில், ரப்பரோடு புகைக்கரியைச் சேர்த்தால் அது உறுதிப்படுகிறது என்று கண்டார்கள். 1910களில் அமெரிக்க டயர்களுக்குக் கரி வந்தது. தரையில் தேயும் பாகத்துக்கு மட்டும் கரி போதும் என்று பக்கங்களை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆக, வெள்ளைப் பட்டை யாரும் சேர்த்ததல்ல; சிக்கனத்தில் விட்டுப்போனது.

பிறகு முழுக் கறுப்பு டயர் வந்தபோது அதுதான் உசத்தி. கழுவ வேண்டியதில்லை. 1930களில் ரசனை திரும்பியது. விட்டுப்போனதைப் பிரயத்தனப்பட்டுத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். கறுப்பு ரப்பருக்கு அடியில் வெள்ளை ரப்பரைப் புதைத்து, மேல்தோலைச் சாணை பிடித்து எடுத்து, உள்ளே இருப்பதை வெளியே காட்டுவது. டயருக்குள் இருக்கும் மருந்துச் சரக்கு ஊறிவந்து வெள்ளையைப் பழுப்பாக்காமல் இருக்க நடுவில் தனியாக ஒரு தடுப்பு. கடைக்கு வரும்வரை அழுக்குப் படாமலிருக்க மேலே நீலப் பூச்சு. நம் இலக்கியத்தில் எளிமை இந்த விதமாகத் தயாராவதைப் பார்த்திருக்கிறேன். அது வேறு பேச்சு.

நண்பர் ஒருவரிடம் அவருடைய தகப்பனார் ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இருக்கிறது. பெருங்களத்தூரில் செய்த வண்டி. மிக்கலாட்டி என்ற இத்தாலியர் வரைந்து, 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1961-ல் சென்னைக்காரனாகிவிட்ட கார். பானெட்டைத் திறந்தால் மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்துகொள்ளும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து இஞ்சின் வேலை பார்க்கலாம். டயர் ஆசனமாகவும் இருக்கும் வேறு காரை நான் பார்த்ததில்லை. நண்பர் வண்டியைப் பிரித்து, தகடு அடித்து, பெயின்ட் செய்து, டயரில் வந்து நின்றுவிட்டார். பழைய கார்களின் அணிவகுப்பில் வைக்க வேண்டும். காலத்துக்குப் பொருந்திய டயராக இருக்க வேண்டும். அளவில் தகராறு இல்லை: 5.20-13. நிறத்தில்தான்.

அவருக்கு மூன்று விரற்கடை அகலத்தில் வெள்ளை வேண்டும். அது முதலில் காலத்துக்கே பொருந்தாது. அகலப் பட்டை அமெரிக்காவிலேயே 1961-ஓடு போய், 1962 முதல் மெல்லிய கோடாகிவிட்டது. மெல்லியதைத் தரலாம் என்றால், டென்னஸியில் பழைய அச்சில் புது டயர் வார்க்கும் கம்பெனியிலிருந்து கப்பலில் வரவேண்டும். மலிவான வழிகளும் உண்டு. ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் செருகுகிற வெள்ளை ரப்பர் வளையம். வேகத்தில் படபடத்து டயரின் விலாவையே அறுத்துவிடும். எனாமல் பெயின்ட் அடிப்பது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதால் சில நாளில் பாளம் பாளமாக வெடிக்கும். நண்பர் இரண்டையும் அருவருப்போடு ஒதுக்கினார். போலி பிடிக்காதவர்.

நான் கேட்டது ஒன்றுதான்: எந்தக் காலத்துக்குப் பொருத்தம்? அயல்நாட்டு விளம்பரப் படத்தின் காலமா, நம் ரோட்டின் காலமா? திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1952-ல் ரீட்ரெட் ரப்பருக்கு வந்து, 1961-ல்தான் டயருக்கு வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். புது டயருக்கு முன்னால் பழைய டயருக்கு ஒட்டுப்போடும் ரப்பர். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தின் பிரத்யட்சம் அது. ஹெரால்ட் பிறந்த அதே வருஷம், அதே ஊரில், டயரும் பிறந்திருக்கிறது. கறுப்பாக.

அதற்கு நண்பர் ஒரு போட்டோவை எடுத்து வைத்தார். அறுபதுகளின் கடைசி, கறுப்பு-வெள்ளைப் படம். பழவேற்காடு ஏரிக்கரையில் ஹெரால்ட். பக்கத்தில் தகப்பனார், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு. சக்கரங்களில் தெளிவாக வெள்ளை வளையம். பருத்தி நூல் வலை போய் நைலான் வந்த நாட்களில், மண்ணடியிலிருந்து நூல் கண்டுகளைக் காரில் போட்டுக்கொண்டு குப்பம் குப்பமாக விற்றவர் அவர். நான் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நிஜமான வெள்ளைப் பட்டைக்கு வெளியே, தரையை ஒட்டி, கறுப்பு விளிம்பு ஒன்று இருந்தாக வேண்டும். படத்தில் வெள்ளை தரைவரைக்கும் போயிருந்தது. சொன்னேன். ஏற்கவில்லை. அங்கேயே போய்க் கேட்டுவிடுவோம் என்றார்.

திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போகிற பாதை. இடதுகைப் பக்கம் மணலியைக் காட்டி, 1970களில் அங்கேதான் டயருக்குள் போகும் நைலான் இழை செய்ய ஆலை வந்தது என்றேன். வலைக்கும் டயருக்கும் ஒரே ஜாதி நூல். தகப்பனார் விற்றதன் மேலேயே உட்கார்ந்து போயிருக்கிறார் என்பது என் எண்ணம். நண்பர் ரசிக்கவில்லை. 1600களின் டச்சுக் கல்லறைகளுக்கு முன்னால், எலும்புக்கூடு செதுக்கிய கல்தூண்களின் அருகே, வெள்ளை டயரோடு காரை நிறுத்திப் படம் எடுக்கும் யோசனையில் இருந்தார்.

ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதைப் பாடு என்று முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களில் ஒன்று கொட்டைக்குப்பம். அங்கே வலை பொத்திக்கொண்டிருந்த கிழவர் போட்டோவை எட்டப் பிடித்துப் பார்த்தார். பின்னால் கரையில் ஃபைபர் படகுகள். ஒவ்வொன்றின் விலாவிலும் கயிற்றில் தொங்கும் வழுக்கை டயர்கள்.

"வண்டி நெனப்பில்ல. ஆளு தெரியுது. நூல்காரரு. கடன் குடுப்பாரு. மறக்க மாட்டாரு."

"டயரு வெள்ளையா இருந்துதா, பெரியவரே?"

"வெள்ளையா? அது சேறு தம்பி. அப்ப ஏது பாலம்? தண்ணி வத்துன நேரமாப் பாத்து வண்டிய ஏரிக்குள்ளயே எறக்குவாரு, மூட்டையத் தோணியில ஏத்த. கிளிஞ்சச் சேறு காஞ்சா சுண்ணாம்பு அடிச்சாப்பல நிக்கும். எங்க காலப் பாரு."

காட்டினார். கணுக்காலுக்கு மேல் ஒரு வெள்ளை வளையம். சுண்ணாம்புக்காகவே கிளிஞ்சல் தோண்டி எடுத்த ஏரி அது.

திரும்பும்போது நண்பர் வெகுநேரம் பேசவில்லை. மீஞ்சூரில் டீ குடிக்கையில் சொன்னார்: "அப்பாவுக்கு வெள்ளை டயர் மேல ஆசை இருந்திருக்கும். பத்திரிகையில பாத்திருப்பார். அந்த ஆசையும் அந்தக் காலத்தைச் சேர்ந்ததுதானே?"

லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. கிடைத்ததை மட்டுமே ஒரு காலத்தின் உண்மை என்று கொண்டால், கிடைக்காமல் போனவற்றின் மேல் இருந்த ஏக்கத்தை எங்கே வைப்பது? புனருத்தாரணம் செய்கிறவர்கள் பலரும் இந்த ஏக்கத்தைத்தான் கல்லிலும் தகட்டிலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஏக்கத்தை ஏக்கமாகக் காட்டாமல், நடந்ததாகக் காட்டும்போது அது பொய்ச்சாட்சி ஆகிவிடுகிறது. அந்த மனிதர் சேற்றில் வண்டியை இறக்கிக் கடன் கொடுத்ததை, கழுவித் துடைத்த ஒரு வெள்ளை வளையம் மறைத்துவிடும். இதைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் காட்டமாகவே சொன்னேன் என்று நினைவு.

பிறகு முழு வேகத்தில் எதிர்ப்பக்கம் போனார் நண்பர். அப்படியானால் ரீட்ரெட் டயர்தான் சரி என்று கடை கடையாக விசாரித்தார். இந்தச் சின்ன அளவுக்கு இப்போது யார் ரீட்ரெட் போடுகிறார்கள், சிரித்தார்களாம். கடைசியில் நான்கு கறுப்பு டயர்கள், புதியவை, வந்து சேர்ந்தன. மாட்டின அன்று மெக்கானிக் பானெட்டைக் கவிழ்த்துவிட்டு முன்சக்கரத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். டிக்கியின் தரைப்பலகையை நான் தற்செயலாகத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஸ்டெப்னி. நீலப் பூச்சு இன்னும் கழுவாத வெள்ளைப் பட்டை, மூன்று விரற்கடை அகலம். பலகையைப் பழையபடி மூடினேன்.