கையில் நின்ற பந்து

கோடை விடுமுறையில் கடலூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் பத்து நாள் கால்பந்துப் பயிற்சி முகாம். தலைமைச் சகோதரி ஆசி கூறி அனுப்பினார். பாட்டியோ, "பொட்டப் புள்ளைக்குப் பந்தாட்டமா?" என்றார். 2018-இல் மணிப்பூரை 2–1 என வென்று, தேசிய மகளிர் கோப்பையை முதன்முறையாகத் தமிழகத்துக்குக் கொண்டுவந்த அணியில் ஆடிய இந்துமதி கடலூர்ப் பெண்தான் என்று அப்பா சொன்ன பிறகே விட்டார்.

என்னைக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். முதல் நாள் வலைக்குள் போன பந்துகளை எண்ண மனமில்லை! "தட்டாதே, நெஞ்சோடு அணை" என்றார் பயிற்சியாளர். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பீங்கான் பொம்மைகளைச் சுடுவதற்கு முன் நான் அப்படித்தான் ஏந்திச் செல்வேன். ஒன்று விழுந்தாலும் அன்றைய உழைப்பு வீண்.

கடைசி நாள் ஆட்டத்தில் ஒரு பெனால்டி. வலப்பக்கம் பாய்ந்தேன், முழங்கை சிராய்ந்தது.

வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டபடி பாட்டி கேட்டார்: "அது கிடக்கட்டும், பந்தைப் புடிச்சியா இல்லையா?"

"புடிச்சேன் பாட்டி!"